அந்த அக்காவின் பஸ்

மார்க் போடுவதில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் மல்டிமீடியா பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டம் ‘கம்மி’. “கம்மி வருதுடா” என்று வராண்டாவில் குசுகுசுப்பது காதில் விழும். விழட்டுமே. மூன்று மாதம் அவகாசம் கொடுத்தும் கடைசி வாரத்தில் அடித்துப் பிடித்துச் செய்துகொண்டு வருகிற சிடிக்கு அறுபது போடுவதே என் பெரிய மனசு.

நான் படித்தது ஓவியம். தொண்ணூறுகளில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தேன். சார்ட்டில் வாழைப்பழம், பூச்சாடி, சூரிய உதயம். பார்த்த உடனே மார்க் போட்டுவிடலாம். பிறகு ஊர் முழுக்கக் கம்ப்யூட்டர் பேச்சு வந்தது. ஷூ கம்பெனிகளில் டிசைனுக்கு ஆள் கேட்கிறார்கள் என்றார்கள். கல்லூரியில் புதுக் கோர்ஸ் ஆரம்பித்தார்கள். மவுஸ் பிடிக்கத் தெரிந்த ஓவிய டீச்சர் வேலூர் ஜில்லாவில் சுலபத்தில் அகப்படவில்லை போலிருக்கிறது, சென்னைக்குப் போய் ஒரு கோர்ஸ் முடித்து வந்திருந்த என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

கடைசி வருடப் பிள்ளைகள் ஆளுக்கொரு படைப்பு செய்ய வேண்டும். படமும் குரலும் எழுத்தும் சேர்ந்து ஒரு பத்து நிமிடம் ஓடினால் போதும். கூடவே, நான் என்ன செய்ய நினைத்தேன், கடைசியில் என்ன வந்தது என்று தன்னையே கேட்டு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அந்த ஒரு பக்கத்துக்குத்தான் எல்லோருக்கும் ஜுரம் வரும்.

என்ன எடுப்பார்கள் என்கிறீர்கள்? வருடா வருடம் பாலாறு சாகும். சாகும்போது பின்னால் சோகமாக ஒரு புல்லாங்குழல் ஊதும். எந்தப் புண்ணியவான் அந்தப் புல்லாங்குழலை இலவச சிடியில் போட்டுக் கொடுத்தானோ, அவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். அதே புல்லாங்குழல் குழந்தைத் தொழிலாளருக்கும் ஊதும், காதல் தோல்விக்கும் ஊதும். பிரியாணி அண்டாவைத் திறக்கும்போதுகூட ஒருவன் ஊத விட்டான். “எதுக்குடா ஆடு செத்ததுக்கா?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

திருத்துவதற்கு எனக்கு ஒரு முறை இருந்தது. முதலில் சத்தத்தை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பேன். அடுத்து மானிட்டரை அணைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்பேன். மூன்றாவது தடவைதான் இரண்டையும் சேர்த்து. படத்தில் ஒன்றுமில்லாததைப் பாட்டு மூடி மறைக்கும், பேச்சில் ஒன்றுமில்லாததைப் படம் மறைக்கும். தனித்தனியாகப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மற்ற ஆசிரியர்கள் இதைக் கேட்டு, “உங்களுக்குப் பொழுது ஜாஸ்தி மேடம்” என்றார்கள். அது உண்மைதான். எனக்குப் பொழுது ஜாஸ்தியாகத்தான் இருந்தது.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தேன். யாரைப் படம் பிடித்தார்களோ அவர்களை வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்றைக்குக் கூட்டி வர வேண்டும்; வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் முன்னால் அவர்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தன்னை யார் எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் ஒருத்தர் போகக் கூடாது. தோல் கம்பெனிக்கும் ஷூ கம்பெனிக்கும் ஞாயிறுதான் லீவு என்பதால் எங்கள் வைவாவும் ஞாயிறு மதியம். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்கார வேண்டும். என் சகாக்கள் இதற்காக என்னைத் திட்டாத நாளில்லை.

என் வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அம்மா வேலூரில் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவள். மாதனூரில் ஹைவேயிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சின்ன வீடு கட்டினாள். நானும் அவளும் மட்டும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டுக் கேட்டு ஊரே அலுத்துப்போய் விட்டுவிட்டது. அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் பேச்சு என்பதே இல்லாமல் போனது. நான் இருமினால் அது எனக்கே பெரிதாகக் கேட்கும். குக்கர் விசில் அடித்தால், யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்ப்பேன். டிவி போடுவேன், எரிச்சல் வரும், அணைப்பேன்.

கல்லூரி ஒன்பதரைக்கு. நானோ ஏழு மணிக்கெல்லாம் குடையும் பையுமாக ஹைவேக்கு வந்துவிடுவேன். அங்கே பஞ்சர் கடையை ஒட்டித்தான் பஸ் நிற்கும். பாலம் கட்ட வந்தவர்கள் விட்டுப்போன பெரிய சிமெண்ட் குழாய் ஒன்று கிடக்கும், அதுதான் பெஞ்சு. அந்த நேரத்தில் ஷூ கம்பெனிப் பெண்கள் வரிசையாக வருவார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை, தலையில் இன்னும் ஈரம் காயாத பூ. கம்பெனி பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஏற்றிக்கொண்டு போகும். அதுவரைக்கும் பேச்சு, பேச்சு, பேச்சு. சூப்பர்வைசர் யாரை முறைத்தான், யார் லைனில் டார்கெட் முடியவில்லை, யார் மாமியார் என்ன சொன்னாள். ஒருத்தியின் தங்கையைப் பேரணாம்பட்டிலிருந்து பெண் பார்க்க வந்து போயிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சரியென்று சொல்வார்களா மாட்டார்களா என்பது வாரக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தது. நான் நாலடி தள்ளி, வெயிலுக்குக் குடையைச் சாய்த்துக்கொண்டு, கிழக்கே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். காது மட்டும் அங்கே இருக்கும்.

நடுவில் என் டவுன் பஸ் வரும். ஏற மாட்டேன். அந்தப் பெண்கள் இன்னும் நிற்கிறார்களே, எப்படி ஏறுவது? பெண் பார்த்த கதை பாதியில் இருக்கிறதே. கடைசிக் கம்பெனி பஸ்ஸும் போன பிறகு, குழாயும் நானும் மட்டும் இருப்போம். அடுத்த டவுன் பஸ்ஸிலோ அதற்கடுத்ததிலோ நான் போவேன். அவர்களோடு ஒரு வார்த்தை பேசியது கிடையாது. என் குரலை அவர்கள் கேட்டதே இல்லை. நான் இப்படி வந்து நிற்பது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் கலவை என்கிற ஊரிலிருந்து வந்து ஒரு பெண் படித்தாள். மாதனூரில் அத்தை வீட்டில் தங்கி வந்துகொண்டிருந்தாள். வகுப்பில் கடைசி வரிசை, கேட்டால்தான் வாய் திறப்பாள். அவள் என்ன எடுக்கிறாள் என்று கேட்டபோது “பஸ் மேம்” என்றாள். “பஸ்னா?” என்றேன். “கம்பெனி பஸ் மேம். எங்க அத்தை போற பஸ்.” சரி, புல்லாங்குழல் மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வைவாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், லேபில் தனியாக உட்கார்ந்து சிடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. அவள் சிடியைப் போட்டேன். சத்தத்தை அடைத்தேன்.

அத்தை வீட்டு மாடியிலிருந்தும், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றும் எடுத்த படங்கள். ஒரே இடம், பல நாள். பஞ்சர் கடை, சிமெண்ட் குழாய், பெண்கள் கூட்டம். கல்யாண ஸ்டூடியோவில் இரவல் வாங்கிய கேமரா போல. படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதியும் மணியும் அப்படியே விழுந்திருந்தன. அதை அணைக்கச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ‘ஸ்டாம்ப், ஐந்து மார்க் கழிவு’ என்று குறித்துக்கொண்டேன்.

பஸ் வருகிறது. கூட்டம் ஏறுகிறது. பஸ் போகிறது. குழாய்க்குப் பக்கத்தில் ஒரு குடை மட்டும் மிஞ்சி நிற்கிறது. அடுத்த நாள். பஸ் வருகிறது, போகிறது. அதே குடை. கறுப்புக் குடை, ஒரு மடிப்பில் வெள்ளைத் துணியில் ஒட்டுப் போட்டிருக்கிறது.

அந்த ஒட்டைப் போட்டவள் நான்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. எழுந்து லேபுக்குள்ளேயே இரண்டு நடை நடந்தேன். என்ன தைரியம்! பிறகு உட்கார்ந்து மீதியையும் பார்த்தேன். டவுன் பஸ் வருகிறது, கண்டக்டர் எட்டிப் பார்க்கிறார், குடை அசையவில்லை. மழை நாளிலும் குடை. பஸ்கள் எல்லாம் போன பிறகு காலியான ரோடும் குடையும். ஒவ்வொரு படத்திலும் அந்த ஆரஞ்சு மணி, நான் எத்தனை நேரமாக அங்கே நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. முகம் ஒரு படத்திலும் தெரியவில்லை. தெரிந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. முகத்தில் ஏதாவது ஒரு அதிகாரம் இருந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அது யாருக்கும் வேண்டாத ஒரு பொம்பளை, அவ்வளவுதான்.

என் முறைப்படி அடுத்தது சத்தம். மானிட்டரை அணைத்தேன். கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தது. கேட்டேன்.

பஸ் பிரேக் போடும் சத்தம். பெண்களின் சிரிப்பு. பிறகு அந்த மாணவியின் குரல், “பஸ் போனப்புறம் ஒருத்தவங்க நிக்கிறாங்களே, அவங்க யாரு அத்தை?” என்று கேட்கிறது.

“அந்தக்காவா? எந்தக் கம்பெனின்னு தெர்லடி. ஆபீஸ் ஸ்டாஃபா இருப்பாங்க, கையெல்லாம் சுத்தமா கீது. அவங்க பஸ்ஸு டெய்லி லேட்டு.”

இன்னொருத்தி சொன்னாள். “டெய்லி லேட்டா வந்தா இன்னா கம்பெனி அது? பாவம், வெயில்ல நின்னுக்கினே இருக்காங்க. நான் நம்ம டிரைவர்கிட்ட ஒரு நாள் கேட்டன், அந்தக்காவையும் ஏத்திக்கினு போய் ஆம்பூர்ல எறக்கி வுட்டுடலாம்னு. வேற கம்பெனி ஆள ஏத்தினா எனக்கு ஃபைன் போடுவான், நீ கட்டுவியான்னு கத்தறாரு.”

“கூப்ட்டாலும் வருவாங்களோ மாட்டாங்களோ. மூஞ்ச ஒரு மாதிரி வெச்சிக்கினு நிப்பாங்க. பேசலாம்னா பயமா இருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அத்தையின் குரல் கொஞ்சம் இறங்கியது.

“நடுவுல ரெண்டு வாரம் ஆளையே காணோம். எங்களுக்கு ஒரே பேஜாரா பூட்ச்சி. இன்னா ஆச்சோ, ஒடம்பு சரியில்லியோ, வேலைய வுட்டு எட்துட்டாங்களோன்னு டெய்லி பேசிக்குவோம். அப்புறம் ஒரு நாள் வந்து நிக்கிறாங்க. பஸ்ஸே ‘ஹே’ன்னு கத்துச்சு. அவங்களுக்குக் கேட்டிருக்காது. நாங்க பஸ்ல ஏறிட்டா, திரும்பிப் பாத்துக்கினேதான் போவோம். மறையற வரைக்கும் பாப்போம். வுட்டுட்டுப் போறாப்ல இருக்கும்.”

அந்த இரண்டு வாரம் எனக்கு மஞ்சள் காமாலை. கட்டிலில் கிடந்தேன். கல்லூரியிலிருந்து ஒரே ஒரு போன் வந்தது. இன்டர்னல் மார்க்கை எந்த பீரோவில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வேறு யாரும் என்னைத் தேடவில்லை என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். ஒரு பஸ் நிறையப் பேர் தேடியிருக்கிறார்கள். அணைந்த மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். சும்மா இல்லை, மூக்கு ஒழுக, முந்தானையில் துடைத்துத் துடைத்து அழுதேன்.

அவள் எழுதிக் கொடுத்த பக்கத்தில் நாலே வரி. கம்பெனி பஸ்ஸைப் பற்றி எடுக்கப் போனேன், பஸ் போன பிறகு என்ன இருக்கிறது என்பதை வீட்டுக்கு வந்து படங்களை வரிசையாக வைத்தபோதுதான் பார்த்தேன் என்று எழுதியிருந்தாள்.

ஆளனுப்பி அவளை வரவழைத்தேன். வந்து கதவுப் பக்கமே நின்றாள்.

“அது யாருன்னு தெரியுமா உனக்கு?”

“எடுக்கறப்போ தெரியாது மேம். எடிட் பண்றப்போதான் தெரிஞ்சது. குடைய கிளாஸ்ல பாத்திருக்கேன்.”

“தெரிஞ்சும் ஏன் தூக்கல?”

தலையைக் குனிந்துகொண்டாள். திட்டுக்குத் தயாராகிவிட்டாள் என்று தெரிந்தது. ஆனால் பதில் சொன்னாள்.

“அத தூக்கிட்டா வெறும் பஸ்தான் மேம் இருக்கும்.”

அடிப்பாவி, சரியாகத்தான் சொல்கிறாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மூன்று வருடம் நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியது இந்த ஒரு பெண்ணுக்காவது போய்ச் சேர்ந்திருக்கிறது. அது என் தலையிலேயே வந்து விடிந்திருக்கிறது.

“உங்க அத்தைகிட்ட சொன்னியா?”

“இல்ல மேம். யார்கிட்டயும் சொல்லல.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “நாளைக்கி அவங்கள வர வேணாம்னு சொல்லிடட்டுமா மேம்?” என்றாள்.

அவள் எனக்கு ஒரு வழி விட்டாள். நான் தலையை ஆட்டியிருந்தால் முடிந்தது. அந்தப் பெண்கள் வர மாட்டார்கள், என்னை அங்கே பார்க்க மாட்டார்கள், திங்கட்கிழமை காலையில் நான் பழையபடி லேட்டாக வரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அந்த அக்காவாகவே இருப்பேன். இந்தத் தடவை நானே போய் முதலில் பேசுவேன். பேரணாம்பட்டுக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்பேன். குழாயில் எனக்கும் கொஞ்சம் இடம் விடுவார்கள். அவ்வளவையும் ஒரு நிமிடத்தில் மனசு கட்டி முடித்துவிட்டது. ஆனால் சட்டம் போட்டவள் நான். மற்ற பிள்ளைகளிடம் என்ன முகத்தோடு கேட்பேன்?

“ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான். கூட்டிட்டு வா” என்றேன். இருட்டில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, விளக்குப் போடுவதற்குள் பக்கத்துக் கதவு வழியாக நழுவிவிடலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எக்ஸாமினர் சென்னையிலிருந்து வந்தார். விளம்பரக் கம்பெனியில் இருந்தவராம். பிரியாணியும் கத்திரிக்காயும் வயிற்றில் இறங்கியதில் முதல் நாலைந்து படங்களுக்கு அவர் மனசு தாராளமாக இருந்தது. அவள் முறை வந்தபோது ஹாலில் ஏற்கெனவே விளக்கை அணைத்தாகிவிட்டது. பின்னால் கதவு திறந்து, செருப்புச் சத்தமும் புதுச் சேலைச் சரசரப்பும் அடக்கிய சிரிப்பும் உள்ளே வந்து உட்கார்ந்தன. நான் திரும்பவில்லை. மல்லிகை வாசனை முன்வரிசை வரைக்கும் வந்தது.

படம் ஓடியது. பின்னாலிருந்து “ஏய் நீதாண்டி”, “ஐயோ என் தலய பாரேன்” என்று சத்தம். அந்தக்கா பேச்சு வந்ததும் அடங்கிவிட்டார்கள். படம் முடிந்தது. எக்ஸாமினர் இருட்டிலேயே, கேள்வி கேட்பதற்காகத் திரையில் கடைசிப் படத்தை நிறுத்தி வைக்கச் சொன்னார். காலி ரோடும் குடையும்.

“யாரும்மா இந்த லேடி? நடிக்க வெச்சியா?”

“இல்ல சார்” என்றாள் அவள், மைக் பக்கத்திலிருந்து.

“பொய் சொல்லாத. டவுன் பஸ் வருது, போகுது. உன் ஸ்டாம்ப்புலயே டைம் இருக்கு பாரு, இவ்ளோ நேரம் யாராவது நிப்பாங்களா? எந்தப் பொம்பளையும் பஸ்ஸ விட்டுட்டு சும்மா ரோட்டுல நிக்க மாட்டா. டாகுமெண்டரின்னு போட்டுட்டு செட்டப் பண்ணா அது மோசடி. அதுக்கு மார்க்கே கிடையாது, தெரியுமா?”

பின்னாலிருந்து அத்தையின் குரல். “செட்டப்பெல்லாம் இல்ல சார். டெய்லி நிக்கிறாங்க. அவங்க கம்பெனி பஸ்ஸு லேட்டு.”

“எந்தக் கம்பெனி?”

ஒருத்திக்கொருத்தி கேட்டுக்கொள்கிற முணுமுணுப்பு மட்டும்.

“பாத்தீங்களா?” என்று என் பக்கம் குனிந்து, “பாஸ் மார்க் கூட ஜாஸ்தி மேடம்” என்று பேனாவை எடுத்தார்.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். புரொஜெக்டர் வெளிச்சம் பாதி முகத்தில் விழுந்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் காட்டிக் கொடுத்ததாக ஆகிவிடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் அவள் பிழைத்துக்கொள்வாள். சொல்லவில்லை. மார்க் போனாலும் போகட்டும் என்று நின்றாள்.

எழுந்து நின்றேன்.

“செட்டப் இல்ல சார். அது நான்தான்.”

“நீங்களா?” அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீங்க எதுக்கு மேடம் பஸ்ல ஏறாம நிக்கிறீங்க?”

நியாயமான கேள்வி. எக்ஸாமினர் என்றால் கேட்கத்தானே வேண்டும். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் என் வாழ்நாள் முழுக்க, படத்தில் உண்மையாக இரு, உண்மையாக இரு என்று பிள்ளைகளின் உயிரை எடுத்தவள் நான்.

“வீட்ல யாரும் இல்ல சார். அங்க இவங்க பேசிக்கிட்டு இருப்பாங்க. அதக் கேக்கறதுக்காக நிக்கிறேன்.”

எவனோ விளக்கைப் போட்டான். எக்ஸாமினர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. நான் எண்பத்திரண்டு போட்டேன், ஸ்டாம்ப்புக்கு ஐந்து கழித்த பிறகு. கம்மி கையால் எண்பதைத் தாண்டியது அந்த ஒருத்திதான்.

வெளியே வராண்டாவில் அந்தப் பெண்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோனது. அத்தைதான் முன்னால் வந்தாள். கையைப் பிசைந்துகொண்டாள்.

“மன்னிச்சிக்குங்க மேடம். காலேஜ் மேடம்னு தெரியாது. தெரியாம அக்கா கிக்கான்னு வாய்க்கு வந்தத பேசிட்டோம்.”

“அக்கான்னே கூப்பிடுங்க. எனக்கு அதுதான் நல்லா இருக்கு” என்றேன்.

“ஐயோ, அது எப்டி மேடம்?” என்று எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. “வரோம் மேடம்” என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை அதே நேரத்துக்குப் போனேன். குடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன், முகம் தெரியட்டும் என்று. தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார்கள். குழாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். ஒருத்தி துப்பட்டாவால் குழாயைத் துடைத்துவிட்டு, “ஒக்காருங்க மேடம்” என்றாள். நான் உட்கார்ந்தேன். அவர்கள் நின்றார்கள்.

சூப்பர்வைசரைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமியாரைப் பற்றியும் பேசவில்லை. தங்கச்சி கல்யாணம் என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். “ஏதோ பேசிக்கினு இருக்காங்க மேடம்” என்றாள் அந்தப் பெண், மரியாதையாக. அதற்கு மேல் சொல்லவில்லை. பிரின்சிபாலிடம் பேசும்போது நான் சொல்வேனே, அந்த மாதிரி. பேரணாம்பட்டுக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அப்போது டவுன் பஸ் தூரத்தில் தெரிந்தது. நான் வழக்கமாக விட்டுவிடுகிற முதல் பஸ். கூட்டம் ஜாஸ்தி, நிற்காமல் போய்விடும்போல வந்தது. அத்தை டிபன் பையை இன்னொருத்தி கையில் திணித்துவிட்டு ரோட்டுக்கே இறங்கி இரண்டு கையையும் ஆட்டினாள்.

“நிறுத்துங்க, நிறுத்துங்க! காலேஜ் மேடம் ஏறணும்!”

பஸ் நின்றது. கண்டக்டர் படியிலிருந்த பையன்களை உள்ளே தள்ளினார். ஒருத்தி என் பையை எடுத்துக் கொடுத்தாள், ஒருத்தி குடையைக் கொடுத்தாள். “ஜாக்கிரதையா போங்க மேடம். இனிமே நீங்க வெயில்ல நிக்க வேணாம், நாங்க இருந்து ஏத்தி வுட்டுட்டுதான் போவோம்” என்றாள் அத்தை. ஹாலில் நான் சொன்னது அவர்களுக்கு ஒரு காரணமாகவே படவில்லை போலிருக்கிறது; காலேஜ் மேடம் ரோட்டில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். முகமெல்லாம் சந்தோஷம். இத்தனை நாள் அவர்களால் செய்ய முடியாமல் இருந்ததைச் செய்துவிட்ட சந்தோஷம். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏறினேன்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆட்களுக்கு நடுவே குனிந்து, பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பஸ் நகர்ந்ததுமே அவர்கள் குழாயில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி கையை ஆட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், மற்றவர்கள் தலையை முன்னால் நீட்டிக் கேட்டார்கள். மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டே போனேன்.

கல்லூரி கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் வாயில் பல் குச்சியோடு உள்ளேயிருந்து வந்து பார்த்தார்.

“இன்னா மேடம், இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்க?”

“இன்னைக்கு என் பஸ் சீக்கிரமா வந்துடுச்சுப்பா” என்றேன்.